கோட்டைக்குள் ஒரு வெட்டுக்காசு

உள் கூடத்தில் தேங்காய் உடைந்தது.

வாசல் மேசையில் உட்கார்ந்திருந்த அம்மாக்கண்ணு, டிக்கெட் புத்தகத்தின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. வேறு எதுவோ விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள வழியே இல்லை. கல்லில் தேங்காய் மோதும் ஓசை தனி. ஓங்கிய கைக்குப் பின்னால் இருக்கும் மனசுகூட அதில் கேட்கும். ஒரே அடி, தயங்காத அடி. நாலடி கனமுள்ள கோட்டைச் சுவர்கள் அந்த ஓசையை வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு அவளிடம் திருப்பிக் கொடுத்தன.

உள்ளே இருப்பது ஒரே ஓர் ஆள்தான். வெள்ளிக்கிழமை, மாலை நாலேகால். விடியற்காலையில் பிடித்த மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்ததால் பாடசாலைப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. மதியத்துக்குப் பிறகு வந்தவள் இவள் ஒருத்தி. தலையைச் சுற்றிக் கம்பளிச் சால்வை, கையில் சொட்டும் குடை, மார்போடு அணைத்த நைலோன் பை. அம்மாக்கண்ணு டிக்கெட்டைக் கிழித்தாள். கையில் கொடுக்கவில்லை, மேசை விளிம்பில் வைத்தாள். வந்தவளும் அவள் முகத்தைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை இல்லை. அது இருவருக்கும் புதிதும் இல்லை. அம்மாக்கண்ணுவும் மருதாயியும் பேச்சை நிறுத்தி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

உள்ளே போகிறவர்களின் பையைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது காட்சியகத்தின் விதி. திறக்கச் சொல்ல வேண்டுமானால் பேச வேண்டும். பேச மனமில்லாமல் விட்டுவிட்டாள். அதன் பலன்தான் இப்போது உள்ளே கேட்டது.

அவள் எழுந்தாள். முழங்கால் ஒருமுறை முனகியது. அறுபத்திரண்டு வயதில், அதில் முப்பத்தேழு வருஷம் கூடை சுமந்து மேடு ஏறிய கால்கள் முனகாமல் என்ன செய்யும்? கல்வாசல் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்த பிறகு அவளுக்குக் கிடைத்த வேலை இது. டிக்கோயாவுக்கும் நோர்வூட்டுக்கும் இடையில், தேயிலை மலையின் முடியில் நிற்கும் இந்தக் கல்கட்டடத்தைக் கண்டி ராசா காலத்துக் காவல் கோட்டை என்பார்கள். வெள்ளைக்காரத் துரைமார் அதற்குத் தகரக் கூரை போட்டுக் கோப்பி அடுக்கினார்கள். அதன் பிறகு பல காலம் வௌவால்கள் குடியிருந்தன. ஆறு வருஷத்துக்கு முன்னால் துப்புரவு செய்து, வட்டாரத்து வரலாறு என்று சொல்லிப் பழைய சாமான்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். கூட்டுவது, துடைப்பது, டிக்கெட் கிழிப்பது, ஐந்து மணிக்குக் கதவைச் சாத்துவது எல்லாம் அம்மாக்கண்ணு. புதன்கிழமைதோறும் ஹட்டனிலிருந்து வந்து ஏட்டில் எழுதிக்கொண்டு போவது நிரோஷன் என்ற பொடியன் அதிகாரி. பொருள்களைத் தொடக்கூடாது, இடம் மாற்றக்கூடாது, நெருப்பு ஆகாது, தின்பண்டம் ஆகாது. அவன் சொல்லிக் கொடுத்த இந்த நாலு விதியையும் அவள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்து ஆட்கள் அவளைக் கேலி செய்தார்கள். "அம்மாக்கண்ணு இப்ப கோட்டைக்கு ராணி" என்றார்கள். அவள் மறுக்கவில்லை.

உள் கூடத்தின் நடுவில் ரோதை நின்றது. தோட்டத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலையைத் தண்ணீர் விசையில் ஓட்டிய இரும்புச் சக்கரம். இரண்டு ஆள் உயரம். அதன் காலடியில் ஒரு கருங்கல். தொழிற்சாலை ஓடிய நாளில் அந்தக் கல்தான் ரோதைமுனி. சக்கரம் யாருடைய கையையும் காலையும் கேட்காமல் சுற்ற வேண்டும் என்று அதற்குச் சுருட்டும் சாராயமும் படைத்துக் கும்பிட்டார்கள். தொழிற்சாலையை மூடியபோது சக்கரத்தோடு முனியையும் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். இப்போது அதைச் சுற்றிக் கயிறு. 'தொடாதீர்கள்' என்று மூன்று மொழியில் பலகை.

மருதாயி கயிற்றுக்கு உள்ளே மண்டியிட்டிருந்தாள். இரண்டு தேங்காய் மூடிகளையும் கல்லின் முன்னால் மல்லாத்தி வைத்துவிட்டு, தீப்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள்.

அம்மாக்கண்ணு அவளைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னாள். "முனியப்பா, இங்க நெருப்புப் பத்த வைக்கக் கூடாதுன்னு வந்தவங்களுக்குச் சொல்லு. மேல கூரையில பழைய மரம் இருக்கு."

மருதாயியும் முனியிடமே பதில் சொன்னாள். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா ஒன்ன எண்ணெய் இல்லாம காயப் போட்டிருக்காங்களே முனியப்பா, அத மொதல்ல கேளு."

"எண்ணெய் இல்லன்னு யாரு சொன்னது? தொட்டுப் பாக்கச் சொல்லு."

மருதாயி கல்லைத் தொட்டாள். விரல் நுனி மினுமினுத்தது. முகர்ந்து பார்த்தாள். நல்லெண்ணெய்.

வெள்ளிதோறும் டிக்கெட் மேசையைத் திறப்பதற்கு முன்னால் அம்மாக்கண்ணு செய்யும் திருட்டு வேலை அது. கல்லின் மினுமினுப்பைப் பார்த்துவிட்டு, சுவரில் ஈரம் கசிகிறது என்று நிரோஷன் இரண்டு தடவை மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறான்.

மருதாயியின் கையிலிருந்து தீப்பெட்டி கீழே இறங்கியது. அவள் முனியை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா" என்றாள்.

இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு கேட்கும் அந்தச் சொல்லுக்கு அம்மாக்கண்ணுவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கயிற்றை அவிழ்த்து ஒரு பக்கமாகப் போட்டாள்; அவ்வளவுதான்.

"லோஜினிக்குத் திங்கக்கெழம ஆப்பரேசன்க்கா. கண்டியில. வயித்துல கட்டி. சின்னதுதான், பயப்பட ஒண்ணுமில்லன்னு டொக்டர் சொல்றாரு. எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது." மருதாயி மூச்சு வாங்கினாள். "வெட்டுன காசு வெட்டுனபடி கெடக்கையில, எம்புள்ள ஒடம்புல கத்தி வைக்கப் போறாங்களே."

"அவளா அனுப்புனா?"

"அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா சிரிப்பா. டீச்சரம்மாவாச்சே."

அம்மாக்கண்ணு சுவர் ஓரமிருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். மருதாயியும் பார்த்தாள். பெட்டிக்குள், வெல்வெட்டுத் துணியில், இரண்டு துண்டாக ஒரு ரூபாய்க் காசு. பக்கத்தில் நிரோஷன் அச்சடித்து ஒட்டிய சீட்டு: 'இலக்கம் 47. வெட்டுண்ட நாணயம். இயந்திரத்தில் சிக்கி வெட்டுண்டிருக்கலாம்.'

அது இயந்திரத்தில் சிக்கவில்லை. அதை வெட்டியவள் இந்த அம்மாக்கண்ணுதான்.

இரண்டு பேரும் ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒற்றை அறைக் காம்பராக்களில் குடியிருந்தவர்கள். இவள் காம்பராவில் மிளகாய் வறுத்தால் அவள் காம்பராவில் தும்முவார்கள். இவள் மகன் ஜெயகாந்தன், அவள் மகள் லோஜினி. அந்த லயத்திலேயே உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிய முதல் இரண்டு பேர். தோட்டத்துப் பாடசாலையில் ஓர் ஆசிரியர் வேலை விழுந்தது. ஒன்றே ஒன்று. இரண்டு பேரும் விண்ணப்பம் போட்டார்கள்.

லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதங்கள் தோட்டத்து ஒப்பீசுக்கு வரும். கிளாக்கர் ஐயா அவற்றை மரத் தட்டில் பிரித்துச் செருகி, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்குக் கொடுத்தனுப்புவார். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அடுத்த காம்பராக்காரர் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கும் எழுதி வைக்காத சட்டம் அது. அந்த வாரம் அம்மாக்கண்ணு காய்ச்சலில் கிடந்தாள். அவள் எழுந்து நடமாடியபோது நேர்முகப் பரீட்சையே முடிந்திருந்தது. லோஜினி போய்வந்திருந்தாள். பெரட்டில் மருதாயியின் கையில் இரண்டு நீளக் கடிதம் பார்த்ததாகக் கொழுந்துக்காரி ஒருத்தி சொன்னாள். போய்க் கேட்டதற்கு, "ஒண்ணுதான் வந்துச்சு, லோஜினிக்கு" என்றாள் மருதாயி.

அம்மாக்கண்ணு சண்டை போடவில்லை. மகன் வத்தளையில் ஓர் இரும்புக் கடைக்கு வேலைக்குக் கிளம்பி, ஹட்டனில் ரயில் ஏறினான். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, உச்சி வேளையில், இயந்திரம் நின்ற நேரம் பார்த்துத் தொழிற்சாலைக்குள் போனாள். இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டரிடம் உளியும் சுத்தியலும் கேட்டு வாங்கினாள். முனியின் தலையில் ஒரு ரூபாயை வைத்து, மருதாயியின் பெயரை மூன்று தரம் சொல்லி, ஒரே போடாகப் போட்டாள். அந்திக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. தொடப் பயந்து யாரும் எடுக்காமல் முனியின் காலடியிலேயே கிடந்த துண்டுகள், பிறகு கல்லோடு சேர்ந்து இங்கே வந்தன.

காசு வெட்டிப் போட்டால், கெடுதல் செய்தவர் குடும்பம் தழைக்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. வெட்டியவரும் வெட்டப்பட்டவரும் ஒன்றாக வர வேண்டும். இரண்டு துண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். வெட்டும்போது பெயர் சொன்ன வாயே அதைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்ல வேண்டும். பிறகு காசை ஓடும் தண்ணீரில் விட வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் செல்லாது.

மருதாயியின் புருஷன் மேல் சவுக்கு மரம் சாய்ந்தபோது, காசு வேலை செய்கிறது என்றார்கள். லோஜினியின் முதல் பிள்ளை பிறந்த அன்றே போனபோதும் அதையே சொன்னார்கள். மரம் எல்லா மழைக்கும் எங்கோ சாய்ந்துகொண்டுதான் இருக்கிறது. பிள்ளைகள் யார் வீட்டிலும் தவறுகின்றன. ஆனால் காசு விழுந்த குடும்பத்தில் எதுவும் சும்மா நடப்பதில்லை. மருதாயி புருஷனின் சாவு வீட்டுக்கு அந்த லயத்தில் போகாதவள் அம்மாக்கண்ணு ஒருத்திதான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒப்பாரி. இந்தப் பக்கம் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தன் கண் ஏன் கலங்குகிறது என்று அவளுக்கே விளங்கவில்லை. பிறகு லோஜினி நோர்வூட்டில் வீடு எடுத்து, தாயையும் அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இவ்வளவும் தோட்டத்துக்குத் தெரிந்த கதை. தெரியாதது ஒன்று இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், தோட்டத்து ஒப்பீசின் பழைய தபால் தட்டைக் காட்சியகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அம்மாக்கண்ணு அதை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது பின்பலகை ஆடியது. பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு நீளக் கடிதம் சொருகிக் கிடந்தது. மேலே ஜெயகாந்தனின் பெயர். மூலையில் வெற்றிலைக் கறை. கிளாக்கர் ஐயா வாய் ஓயாமல் வெற்றிலை போடுகிறவர். ஆக, கடிதம் ஒப்பீசை விட்டே வெளியே வரவில்லை. மருதாயி கையில் அது கிடைக்கவே இல்லை.

அன்று அவள் சோறு தின்னவில்லை. குற்றமில்லாதவள் தலையில் காசை வெட்டிப் போட்டிருக்கிறோம் என்ற எண்ணம் நெஞ்சில் அம்மிக்கல்லாக ஏறி உட்கார்ந்தது. மகனிடம் சொல்லவில்லை. நிரோஷனிடமும் சொல்லவில்லை. பொருளை இடம் மாற்றக்கூடாது என்ற விதிப்படி, படித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே கடிதத்தைச் சொருகிவிட்டாள். மருதாயியைப் பார்க்க மூன்று தடவை நோர்வூட்டுக்கு பஸ் ஏறினாள். ஒருமுறை இறங்கி, சந்தி வரை நடந்தும் போனாள். எதிரே குடை பிடித்துக்கொண்டு லோஜினி வந்தாள். "வாங்க பெரியம்மா" என்று சிரித்தாள். காசு வெட்டிய நாளிலிருந்து எங்கே கண்டாலும் அவள் அப்படித்தான் சிரிப்பாள். பதில் வராது என்று தெரிந்தே சிரிப்பாள். அம்மாக்கண்ணு கடைக்கு வந்தவள்போல ஒரு பெட்டி ஊதுவத்தி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

இப்போது அந்த மருதாயியே வந்து முன்னால் மண்டியிட்டிருக்கிறாள். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று அம்மாக்கண்ணுவுக்குத் தெரிந்தது.

"மருதாயி, காசச் சேக்கிறதுக்கு முந்தி நான் ஒண்ணு சொல்லணும்."

"நான் முந்திக்கிறேன்க்கா. விட்டா வாய் அடைச்சுப்போகும்." மருதாயி சால்வையைத் தலையிலிருந்து இறக்கினாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. "ரெண்டு கடுதாசி வந்துச்சு. ரெண்டையும் நாந்தான் வாங்குனேன்."

அம்மாக்கண்ணுவின் கை இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் பற்றியது.

"ரெண்டு நாளு மடியில வச்சிருந்தேன். ஒங்க வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்புனேன். ஒங்களுக்குக் காச்ச. ஜெயகாந்தன் ஒங்களுக்குக் கஞ்சி ஆத்திக்கிட்டு இருந்தான். இருக்கறது ஒரு வேல. அவன் ஆம்பளப் புள்ள, எங்கயாச்சும் பொழைச்சுக்குவான், எம்மகளுக்கு இத விட்டா கூடைதான்னு மனசு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. கிழிச்சுப் போடவும் பயம். ஒப்பீசுக்கு ஒரு சோலியாப் போனப்ப அந்தத் தட்டுல பின்னால சொருகிட்டு வந்துட்டேன். கிளாக்கரையா கண்டா குடுக்கட்டும், காணாட்டி முனி விட்ட வழின்னு. நாங் குடுக்கலன்னும் ஆகக்கூடாது, அவனுக்குக் கெடைச்சதுன்னும் ஆகக்கூடாது. அப்புடி ஒரு புத்தி."

தகரக் கூரை ஒழுகி, கீழே வைத்திருந்த வாளியில் சொட்டியது. ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு.

"நீங்க காசு வெட்டுனது எம்மேல நியாயமான வெட்டுதான்க்கா. ஒரு நாளும் அநியாயம்னு நான் நெனைக்கல. அதான் இத்தன வருஷம் வாயத் தொறக்கல."

அம்மாக்கண்ணு பக்கத்து அறைக்குப் போனாள். அந்த அறையில் ஜன்னல் இல்லை. அம்பு விடுவதற்கென்று சுவரில் விட்ட கீற்றுத் துளை ஒன்று மட்டும். அந்த வெளிச்சத்தில் தபால் தட்டின் முன்னால் நின்றாள். மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. குற்றம் அவளுடையது இல்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் கல் இருந்த இடத்தில், அதற்கு அடியில், பழைய நெருப்பு கொஞ்சமும் அணையாமல் அப்படியே கிடந்தது. மகனின் தகரப் பெட்டி, ஹட்டன் ஸ்டேஷன் மேடை, "போயிட்டு வாறேன்மா" என்று சிரிக்கப் பார்த்த அவன் முகம். எல்லாம் நேற்று நடந்ததைப்போல வந்து நின்றன. குற்றமில்லாதவளிடம் மன்னிப்புக் கேட்பதற்குத்தான் அவள் மூன்று வருஷமாகத் தன்னைத் தயார்படுத்தி வைத்திருந்தாள். குற்றம் செய்தவளை மன்னிப்பதற்கு அவளிடம் எந்தத் தயாரிப்பும் இல்லை.

பின்பலகையை நெம்பி, கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து, கல்லின் முன்னால் வைத்தாள்.

மருதாயி வெற்றிலைக் கறையைத்தான் முதலில் பார்த்தாள். தன் பெருவிரலைப் பார்த்தாள். "எங்கையிதான்" என்றாள். பிறகு, "ஒடச்சுப் படிச்சிட்டீங்களா? என்ன போட்டிருந்துச்சு?"

"பதினாலாம் தேதி காலையில ஒம்பது மணிக்கு வரச் சொல்லி."

மருதாயி வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டாள். அடைத்தும் அழுகை வெளியே வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ஜெயகாந்தன் எப்புடி இருக்கான்?" என்று கேட்டாள்.

"அதே கடையில இப்ப மனேஜரு. ரெண்டு புள்ள. தொப்ப வேற வச்சிருக்கு."

"அப்ப நல்லாத்தானக்கா இருக்கான்..."

"நல்லாத்தான் இருக்கான்." அம்மாக்கண்ணுவின் குரல் உயரவில்லை. "அதுனால நீ செஞ்சது இல்லன்னு ஆயிருமா?"

"ஆகாதுக்கா."

"பெறகு?"

"நீங்க எடுக்காட்டியும் போகுது. அதத் திருப்பி எம்மேல மட்டும் விட்டுருங்க. எனக்கு என்ன வேணா ஆகட்டும். புள்ளய விட்டுருங்க." மருதாயி இரண்டு கையையும் தரையில் ஊன்றி, நெற்றி படும்படி குனிந்துவிட்டாள்.

"எந்திரி. திருப்பி விடுறதுக்கு இதென்ன ஹட்டன் பஸ்ஸா?"

மருதாயி எழவில்லை. அம்மாக்கண்ணு அந்த வெள்ளை முடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லலாம். போ என்று ஒரு சொல் சொன்னால் போதும். டிக்கெட் எடுத்து வந்தவள், பார்த்தாயிற்று, போகட்டும். பெட்டியைத் திறந்தால் விதி மீறல். நிரோஷன் கண்டால் வேலையும் போகலாம். போ என்று சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. வெட்டிய நாளில் இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது.

ஆனால் சந்தியில் குடைக்குக் கீழே சிரித்த முகம் நடுவில் வந்து நின்றது. வாங்க பெரியம்மா. சின்னதில் ரொட்டி சுடும் வாசத்துக்குச் சுவர் தாண்டி வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்துவிடும் பிள்ளை. கடிதத்தைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? காசில் அதன் பெயரை அம்மாக்கண்ணு சொல்லவில்லை. இருந்தாலும் திங்கட்கிழமை கத்தி மருதாயி மேல் விழப்போவதில்லை.

இடுப்புச் சாவிக்கொத்தில் சிறிய சாவியைத் தேடி எடுத்தாள்.

நாற்பத்தேழாம் இலக்கப் பெட்டி கிறீச்சென்று திறந்தது. இரண்டு துண்டில் ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு, மற்றதை மருதாயியிடம் நீட்டினாள். இந்த முறை மேசை விளிம்பில் வைக்கவில்லை, கையிலேயே கொடுத்தாள். மருதாயி மடியிலிருந்து மஞ்சள் நூல் எடுத்தாள். இரண்டு பேரும் முனிக்கு முன்னால், முட்டி இடிக்க உட்கார்ந்து, துண்டுகளைப் பொருத்தினார்கள். வெட்டுவாய் சரியாகச் சேரவில்லை. இருபத்திரண்டு வருஷத் துரு இடையில் நின்றது.

"அமுக்கிப் புடி" என்றாள் அம்மாக்கண்ணு.

மருதாயி அமுக்கிப் பிடித்தாள். அம்மாக்கண்ணு மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"முனியப்பா. வெட்டுனதும் நானு. சேக்கறதும் நானு. மருதாயி மேல சொன்னத எடுத்துக்கிறேன். அவ வயித்துல பொறந்தது மேலயும் எடுத்துக்கிறேன்." முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினாள். "சரியான ஆளு மேலதான் வெட்டிருக்கேன். இருந்தும் எடுத்துக்கிறேன். கேட்டுக்க."

மருதாயி தேம்பினாள். "ஆத்துல விடணும்க்கா. குடுங்க, போற வழியில பாலத்துல நின்னு விட்டுர்றேன்."

"எடுத்துட்டுப் போனா களவு. கவுருமெண்டு சாமான் இது."

"அப்ப ஓடுற தண்ணிக்கு எங்க போறது?"

அம்மாக்கண்ணு தரையைப் பார்த்தாள். கூடத்தின் குறுக்கே, கல்லில் வெட்டிய ஒரு சாண் அகல வாய்க்கால் ஓடியது. ராசா காலத்துக் கொத்தர்கள், மழைத் தண்ணீர் தங்காமல் இருக்க விட்டது. சுவரில் ஒரு துளை வழியாக வெளியே விழுந்து, மலைச்சரிவில் இறங்கி, ஓடையோடு சேரும். ஆறு வருஷமாக அவள் தரை கழுவும் தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் போகிறது.

"காசு தண்ணியில போனா என்ன, காசு மேல தண்ணி போனா என்ன? முனிக்குக் கண்ணு இருக்குல்ல, பாத்துக்குவாரு."

காசை வாய்க்காலில் வைத்தாள். ஒழுகலுக்கு வைத்த வாளியை இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். கூடை தூக்கிவிட்டுப் பழகிய கைகள். ஒருத்தி 'ம்' என்றால் மற்றவள் தூக்க வேண்டும் என்பது அவற்றுக்கு மறக்கவில்லை. மழைத் தண்ணீர் காசின் மேல் சலசலவென்று ஓடி, துருவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு, துளைக்குள் போய் மறைந்தது. வெளியே அது சரிவில் விழும் சத்தம் கேட்கும்வரை இரண்டு பேரும் குனிந்தபடியே இருந்தார்கள்.

அம்மாக்கண்ணு காசை முந்தானையில் துடைத்து, நூலோடு பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பக்கத்தில் சீட்டு பழையபடியே சொல்லிக்கொண்டிருந்தது: இயந்திரத்தில் சிக்கி வெட்டுண்டிருக்கலாம். புதன்கிழமை நிரோஷன் வருவான். நூல் எங்கிருந்து வந்தது என்று கேட்பான். யார் வெட்டியது என்றும் கேட்பான். சொல்ல வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள். கடிதத்தை என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை. தட்டில் திரும்பச் சொருகவில்லை. மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். தீபாவளிக்கு மகன் வருவான்.

"மூடிய எடு. காட்சியகத்துல திங்கிற சாமான் வைக்கக் கூடாது."

மருதாயி தேங்காய் மூடிகளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். இரண்டு பேரும் வாசல் மேசைக்கு வந்தார்கள். மணி ஐந்துக்கு இரண்டு நிமிஷம். குடையை எடுத்துக்கொண்டவள் தயங்கி நின்றாள்.

"அக்கா, ஆப்பரேசன் நல்லபடியா முடிஞ்சா... வந்து சொல்லட்டா?"

அம்மாக்கண்ணு டிக்கெட் புத்தகத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். சாவியை எண்ணிப் பார்ப்பவள்போலக் கொத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"செவ்வாக்கெழம பூட்டிருக்கும். மத்த நாளு காலையில ஒம்பதுக்குத் தொறப்பேன்."

மருதாயி அதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்ததைப்போலத் தலையாட்டினாள். குடையை விரித்தாள். பைக்குள் கையை விட்டு ஒரு மூடியை எடுத்து, மேசையின் விளிம்பில் வைத்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. படி இறங்கி, ஈரத்தில் வழுக்காமல் இருக்க ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்து, தேயிலைக்கு நடுவில் பஸ் வீதிக்கு இறங்கும் பாதையில் நடந்தாள்.

திங்கிற சாமான் வைக்கக்கூடாது என்று மறுபடி சொல்ல அம்மாக்கண்ணு வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. குடை வளைவில் திரும்பும்வரை நின்றாள். பிறகு தேங்காய் மூடியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, கனத்த பலகைக் கதவை இரண்டு கையாலும் இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளை விழவிட்டாள்.